பரஸ்தானம் வெச்ச பெட்டி

காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ தாயி. பெட்டி இடிச்சிரும். ரெண்டும் என்னோடதுதான். என்னோடதுன்னா, அந்தப் பச்சை என்னோடது, இந்தச் செவப்பு வடிவோடது. வடிவு இங்க இல்ல. அவ பெட்டி மட்டும்தான் இருக்கு. கண்டக்டர் அப்பவே முறைச்சான், மேல தூக்கிப் போடுங்கன்னு. மேல எவன் தூக்குவான்? உள்ள இருக்கது அம்புட்டும் கம்பளி.

ஆமா, கம்பளிதான். அக்னி நட்சத்திரத்துல, திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவில் போற பஸ்ஸுல, ஒரு பொம்பள ரெண்டு பெட்டி கம்பளியோட உக்காந்துருக்கா. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.

நீ எங்க போற? வள்ளியூரா? பை இது மட்டுந்தானா? ஐயோ, சேலையை இப்பிடியா திணிக்கது? தண்ணி பாட்டிலைத் துணிக்கு மேல படுக்கப் போட்டிருக்கியே, மூடி கழண்டா என்ன பண்ணுவ? குடு இங்க. குடுங்கேன்ல. பேசிக்கிட்டே மடிச்சுத் தாரேன். கை சும்மா இருந்தா எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். இன்னைக்கு ரொம்பவே அடிச்சுக்குது.

ஒரு போன் போடணும். பாளையங்கோட்டைக்கு. போட்டுச் சொன்னேன்னா வடிவு பயணம் அத்தோட முடிஞ்சுது. விமானம் இன்னும் கிளம்பல, அவ உள்ள நாக்காலியில உக்காந்துட்டுத்தான் இருப்பா. ஒரே ஒரு போன். போடத்தான் போறேன். இந்த நெய்யாத்தின்கரை தாண்டட்டும், இங்க ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

யாருக்கா? வடிவு வீட்டுக்காரருக்கு. சைலப்பன் அண்ணாச்சிக்கு.

முதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உனக்கு விளங்கும். நாங்க பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல அபார்ட்மென்டு. என் வீடும் வடிவு வீடும் எதிரெதிர் வாசல். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எனக்குன்னு யாரு இருக்கா? மக பெங்களூருல. அவ ஊட்டிக்குப் போனாலும் போய்ச் சேந்த பிறகுதான் எனக்குப் போன் பண்ணுவா. எதுக்குன்னே தெரியல, முன்னாடியே சொன்னா நான் நாலு சாமான் எடுத்து வைக்கச் சொல்லுவேன்ல. அதனால எனக்கு எல்லாம் வடிவுதான். காலையில காப்பி அவ வீட்டுல, சாயந்தரம் நடை என்னோட. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. யக்கா யக்கான்னுதான் கூப்பிடுவா. வாய் நிறையக் கூப்பிடுவா, அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன்.

எங்க பக்கம் யாரு வெளியூர் கிளம்புனாலும் பெட்டி கட்ட என்னைத்தான் கூப்பிடுவாங்க பாத்துக்கோ. கூப்பிடாட்டாலும் நானே போயிருவேன். எதுல எதை வைக்கணும், எதை எதுக்குள்ள சுருட்டணும், ஊறுகா டப்பாவை எத்தனை சுத்து சுத்தணும், எல்லாம் என் கைக்குத் தெரியும். பத்ரிநாத்துக்கு நானும் வடிவும் ஒரு கோஷ்டியோட போனோம். அவ பெட்டியை நான்தான் கட்டுனேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சுக்கு, மிளகு, தைலம், ஒரு சின்னக் கரண்ட் குக்கர், அம்புட்டும். ஊருபட்ட சனம் ஹோட்டல்ல ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சிட்டு நின்னுச்சு. வடிவுக்கு மட்டும் மூணு வேளையும் ரூமுல என் கையால ரசஞ்சோறு. ரோட்டுக் கடை டீ கேட்டா. குடிக்க விடல. குதிரையில ஏறணும்னா. இடுப்பு முறிஞ்சா அண்ணாச்சிக்கு யாரு பதில் சொல்ல? ஏற விடல. ஒரு இடத்துல ரோட்டோரமே வெள்ளையா பனி கெடந்துச்சு. வேனை நிப்பாட்டச் சொல்லி இறங்கிட்டா கேட்டியா, கையை நீட்டிக்கிட்டு ஓடுதா. குரங்குக் குல்லாவைக் கழட்டிட்டு ஓடுதா! நான் பின்னாலயே ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. பனியைத் தொட்டா ஆகுமா? வேனுல ஏறுன பிறகு ஊரு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. தூங்குதா போலன்னு நான் போர்த்திவிட்டேன்.

அப்பிடிப் பாத்துக்கிட்டவ நான். அதைச் சொல்லத்தான் சொன்னேன்.

அவ மகன் குமரேசன் சுவிட்சர்லாந்துல ஒரு ஹோட்டல்ல சமையல் வேலைக்கு இருக்கான். ஊரு மலை உச்சியில. காரே போகாதாம், கம்பியில தொங்குற டப்பாவுல ஏறித்தான் போகணுமாம். மரவீடு, சன்னல் நிறையப் பூ, பின்னால வெள்ளை வெளேர்னு மலை. மாட்டுக்குக் கழுத்துல கோயில் மணி கணக்கா ஒரு மணி. அவன் போட்டோ அனுப்ப அனுப்ப நாங்க ரெண்டு பேரும் அவ போனைப் பாத்துட்டே உக்காந்திருப்போம். அம்மையையும் அப்பாவையும் வரச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னான் பையன். அண்ணாச்சி முடியாதுன்னுட்டாவ. முழங்கால் வலி, அதோட விமானத்துக்குள்ள ராகு காலம் எந்த ஊரு கணக்குன்னு ஒரு கவலை அவுகளுக்கு. அப்போ வடிவு அவ வாயாலயே சொன்னா, "யக்கா, நீ வா என்கூட"ன்னு. நான் கேக்கல தாயி. சத்தியமா நான் கேக்கல. அவளாச் சொன்னா.

அன்னையில இருந்து நான் தரையில நிக்கல. பாஸ்போர்ட்டு எடுத்தேன். போலீஸ்காரன் விசாரிக்க வந்தப்ப அபார்ட்மென்டு பூராவும் எட்டிப் பாத்துச்சு, எனக்கு எம்புட்டுப் பெருமை. திருப்பூர்ல இருந்து உடம்பொட்டி போடுற பனியன் வாங்குனேன், எனக்கும் அவளுக்கும். நாள் பூரா யூடியூப்புல பனி மலைக்கு எப்பிடிப் போகணும்னு பாப்பேன். கம்பளி சாக்ஸு, கையுறை, காதுக்குப் பஞ்சு, வெந்நீர் பை. தை மாசத்துலயே என் பெட்டி கட்டியாச்சு. தினமும் ஒரு தடவை திறந்து பாத்து மூடுவேன். அவட்டயும் தினமும் சொல்லுவேன், அங்க போனா இதைச் செய்யக் கூடாது, அதைத் தின்னக் கூடாதுன்னு. சரி யக்கா சரி யக்கான்னு கேட்டுக்கிடுவா.

மாசியில ஒரு நாள் வந்து சொல்லுதா, "குமரேசனுக்கு லீவு இல்லையாம் யக்கா. அடுத்த வருசம் பாப்போம்"னு. மொகத்தைப் பாக்காமச் சொன்னா. பாவம், அவளுக்கும் ஏமாத்தம்தானேன்னு நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அன்னைக்குச் சாயந்தரம் அவளுக்குப் பிடிக்குமேன்னு உளுந்தங்களி கிண்டிக் குடுத்தேன். தின்னுட்டுப் போனா.

இது பாறசாலையா? இன்னும் இல்லையா? சரி, களியக்காவிளை தாண்டுனா நம்ம ஊரு டவர் வந்துரும். அங்க வச்சுப் போடுதேன் போனை. அது வரைக்கும் அவ எங்க போயிரப் போறா.

இந்தப் புதன்கிழமை காலையில பெல் அடிக்கு. திறந்தா அண்ணாச்சி நிக்காவ. குளிச்சு, பட்டை பட்டையா விபூதி போட்டு, கையில இந்தச் செவப்புப் பெட்டி. "ஆவுடை, பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது, இதைப் பிடி"ன்னாவ.

உனக்குப் பரஸ்தானம் தெரியுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க தெரியப் போகுது. கிளம்புற நாள்ல சூலம், அஷ்டமின்னு ஏதாவது குறுக்க நின்னுச்சுன்னா, அதுக்கு முந்தி ஒரு நல்ல நேரம் பாத்துப் பெட்டியை மட்டும் இன்னொரு வீட்டுல கொண்டு வச்சிரணும். அத்தோட பயணம் தொடங்கியாச்சுன்னு கணக்கு. ஆளு பிறகு எப்போ வேணும்னாலும் கிளம்பலாம், குத்தமில்ல. ஆனா வெளிய போன பெட்டி பயணம் முடியுற வரைக்கும் சொந்த வாசப்படி ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா போற காரியம் விளங்காது. சும்மா ஒரு துண்டும் ஒரு துண்டு மஞ்சளும் முடிஞ்சு வச்சாப் போதும், எல்லாரும் அதான் செய்வாங்க. அண்ணாச்சிக்கு அது போதாது. முழுப் பெட்டியும் வெளியேறணும். மதுரைக்குப் போனாலும் எங்க வீட்டுலதான் கொண்டு வைப்பாவ. எனக்குப் பழக்கந்தான்.

அதனால நானும் சாதாரணமாக் கேட்டேன், "எங்க அண்ணாச்சி பயணம்?"னு.

அவுக என்னைப் பாத்துச் சிரிச்சாவ. "என்ன கேள்வி கேக்க? சுவிஸ்சுக்குத்தான். வெள்ளிக்கிழமை மேக்கே சூலம்லா? உன் பெட்டியையும் குடு, எங்க வீட்டுல வச்சிருதேன். நீயும் அதே திக்குலதான போற? ராகு காலத்துக்கு முந்தி வெளியேத்திரணும்."

எனக்கு ஒண்ணுமே ஓடல தாயி. அவுக பாட்டுக்குப் பேசிட்டே போறாவ. "தனியாப் போறேன்னா நான் விட்டிருக்கவே மாட்டேன் ஆவுடை. உன்னை நம்பித்தான் அனுப்புதேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நீதான் பாத்துக்கணும்"னு சொல்லுதாவ. கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு.

நீயா இருந்தா அங்கனயே சொல்லியிருப்ப, இல்லையா? எனக்கு வாய் வரல. அதோட, உன்ட்ட சொல்லுறதுக்கு என்ன, ஒரு நிமிசம் நான் நம்பிட்டேன். நெசமாவே நான் போறேன் போலருக்கு, வடிவு கடைசி நேரத்துல சொல்லலாம்னு ஒளிச்சு வச்சிருக்கா போலருக்குன்னு. உள்ள போய் என் பச்சைப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து அவுக கையில குடுத்துட்டேன். கட்டி ரெடியா இருந்த பெட்டிதானே. தூசி மட்டும் தட்டுனேன்.

வடிவு அப்போ வீட்டுல இல்ல, பேங்குக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பாத்தா அவ பெட்டியைக் காணும், அந்த இடத்துல என் பெட்டி நிக்கு. எப்பிடி இருந்திருக்கும் அவளுக்கு! அதை நினைச்சா மட்டும் எனக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கு, இந்த வெக்கையிலயும்.

வந்து வாசல்ல நின்னா. செருப்பைக்கூடக் கழட்டல. முதல் கேள்வி என்ன கேட்டா? மன்னிச்சுக்கோன்னா? இல்ல. "யக்கா, அவுகட்ட சொல்லிட்டியா?"

"என்னத்தட்டீ சொல்லணும்?"னு கேட்டேன்.

"தனியாப் போறேன்னா விட மாட்டாவ. உன் பேரைச் சொன்னாத்தான் விடுவாவ. அதான் சொன்னேன்."

"அப்போ என் பேரு மட்டும் போகலாம், நான் போகக் கூடாதா?"

கால் விரலைப் பாத்துட்டு நிக்கா. எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேட்டீன்னு கத்துனேன். நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேன்னேன். "யாரைட்டீ கூட்டிட்டுப் போற? மூணாம் மாடி சுகந்தியையா? அவதானே யோகா சொல்லித் தாரேன்னு உன்னை வளைச்சுப் போட்டிருக்கா?"ன்னேன்.

"யாரும் இல்ல யக்கா. நான் மட்டுந்தான்"னா.

யாரு நம்புவா? நான் நம்பல. தனியா ஒரு ரயில் ஏறுனவ இல்ல அவ. டவுனுக்கு ஆட்டோவுல போனாலே என்னைத் துணைக்குக் கூப்பிடுவா. அவ தனியா கடல் தாண்டிப் போறாளாம்!

அப்புறம் என்ன கேட்டான்னா, வெள்ளிக்கிழமை நானும் பெட்டியோட அவகூடக் கார்ல ஏறணுமாம். அண்ணாச்சி வாசல்ல நின்னு வழியனுப்புவாவ, அவுக கண்ணுக்கு ரெண்டு பேரும் போன மாதிரி இருக்கணும். விமான நிலையத்துல நான் இறங்கி வேற எங்கயாவது போயிக்கிடணும், அவ திரும்பி வர்ற வரைக்கும் பெருமாள்புரம் பக்கம் தலை காட்டக் கூடாது. என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா? "ஒரு தடவை யக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாத ஊருல, ஒண்ணும் தெரியாம நிக்கணும் போல இருக்கு"ங்கா. இது என்ன பேச்சு? ஒண்ணும் தெரியாம நிக்கதுக்கு எதுக்கு சுவிட்சர்லாந்து? நம்ம ஜங்ஷன்லயே நிக்கலாம்ல.

நான் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கதவைச் சாத்திட்டேன்.

களியக்காவிளையா? வந்துட்டா? இரு, போனை எடுக்கேன். எங்க வச்சேன்... இந்தா இருக்கு. டவர் ஒரு கோடுதான் காட்டுது. ஒரு கோட்டுல பேசுனா பாதி கேக்கும் பாதி கேக்காது, அண்ணாச்சிக்குக் காது வேற மந்தம். மார்த்தாண்டத்துல நல்லா எடுக்கும். மார்த்தாண்டத்துல போடுதேன். விட மாட்டேன். நீயே பாரு.

அவ பெட்டி ரெண்டு நாள் என் கூடத்துல நின்னுச்சு. நான் பாட்டுக்குக் கடந்து போவேன், அது பாட்டுக்கு நிக்கும். வியாழக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமத் திறந்துட்டேன். யாரு கூடப் போறான்னு ஏதாவது தடயம் கிடைக்குமான்னுதான் திறந்தேன். ஆனா தாயி, அதைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. இப்பிடியா கட்டுவாங்க பெட்டி? நான் பக்கத்துல இருந்து அத்தனை வருசம் காட்டிக் குடுத்தும், சின்னப் பிள்ளை கணக்கா எல்லாத்தையும் அள்ளிப் போட்டிருக்கா. பாதிப் பெட்டி காலி. ஒரு பொடி இல்ல, ஒரு மருந்து இல்ல. நான் வாங்கிக் குடுத்த பனியனைக் காணும். என்ன இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பேன்ட்டு. ஜீன்ஸ் பேன்ட்டு! விலைச் சீட்டுகூடக் கிழிக்கல. ஒரு செவப்புக் கோட்டு. உதட்டுச் சாயம் ஒண்ணு, காகிதத்துல சுத்தி. அறுபது வயசுல!

நான் ஆத்திரத்துல இருந்தவதான். ஆனா அதை அப்பிடியே அனுப்ப எனக்கு மனசு வருமா? பேன்ட்டு, கோட்டு, சாயம் அம்புட்டையும் எடுத்து என் பீரோவுல வச்சுப் பூட்டுனேன். நல்ல தடிச்ச சேலையா நாலு, கம்பளிப் பாவாடை, என்னோட குல்லா ரெண்டுல ஒண்ணு, இழுப்புக்கு மாத்திரை, சுக்குப் பொடி, பருப்புப் பொடி, ஆறு மணி நேரம் வேலை. முடிச்சு மூடுனப்ப அம்சமா இருந்துச்சு. எனக்குத் துரோகம் பண்ணுனவளுக்கு நான் அதைச் செஞ்சேன். வேற யாராவது செய்வாங்களா சொல்லு.

உன் பையில இந்தப் புத்தகம் எதுக்கு? ரெண்டு நாள்ல எப்போ படிக்கப் போற? சரி, அடியில வச்சுத் தாரேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கார் வந்துட்டு. இன்னைக்குத்தான், என்னமோ எப்பவோ நடந்த மாதிரி இருக்கு. அண்ணாச்சி ரெண்டு பேர் நெத்தியிலயும் விபூதி பூசுனாவ. பெட்டி ரெண்டையும் மாத்தி மாத்தி ஏத்துனாவ. நான் ஏறுனேன். எதுக்கு ஏறுனேன்னு கேக்காத. கடைசி நிமிசத்துல அவ மனசு மாறும்னு நினைச்சேன். டிக்கெட்டு அங்கனயே கவுன்டர்ல கேட்டா குடுக்க மாட்டானான்னுகூட நினைச்சேன். பாஸ்போர்ட்டு கைப்பையில இருந்துச்சு. விசா வேணும்னு எனக்குத் தெரியாமலா? தெரியும். இருந்தாலும் நினைச்சேன். கார்ல வழி பூரா அவ சன்னலையே பாத்துட்டு வந்தா. நான் அவளுக்கு முறுக்குக் குடுத்தேன், வேண்டான்னுட்டா.

விமான நிலையத்துல இறங்குனா டிரைவர் போக மாட்டேங்கான். நம்ம பாளையங்கோட்டைப் பையன், அண்ணாச்சி சொல்லி விட்டிருக்காவ, உள்ள போறதைப் பாத்துட்டு வான்னு. அதனால நானும் வரிசையில நின்னேன். பெட்டியைத் தள்ளிக்கிட்டு, போறவ மாதிரியே நின்னேன். வாசல்ல துப்பாக்கி வச்சிருந்தவன் வடிவோட டிக்கெட்டைப் பாத்தான், விட்டான். என்னைப் பாத்து டிக்கெட்டுன்னான். நான் பாஸ்போர்ட்டைக் காட்டுனேன். டிக்கெட்டுன்னான். பின்னால நின்ன சனம் எல்லாம் பாக்கு. "இவங்க என்னை வழியனுப்ப வந்தவங்க"ன்னு வடிவு சொன்னா. அதான் என்னைப் பத்தி அவ சொன்னது. நல்லவேளை, டிரைவர் அதுக்குள்ள போயிட்டான்.

அவ திரும்ப வெளிய வந்தா. வந்து பெட்டி வச்ச வண்டியை ஓரமாத் தள்ளி, அவ பெட்டியைத் திறந்தா. ஏன்னு தெரியல, கண்ணாடியையோ என்னமோ தேடுனா. திறந்தவ அப்பிடியே நின்னா. மேல இருந்த குல்லாவை எடுத்தா. சேலையைத் தூக்கிப் பாத்தா. அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவுனா. நான் சொன்னேன், "எல்லாம் இருக்குட்டீ, இழுப்பு மாத்திரை இந்த ஓரம், பொடி எல்லாம் அந்த ஓரம்"னு. அவ ஏசுவான்னு நினைச்சேன். ஏசல. சிரிச்சா. எனக்கு அதான் பொறுக்கல தாயி. பெட்டியை மூடி, என் பக்கமாத் தள்ளிவிட்டுட்டு, "இதை நீயே வச்சுக்கோ யக்கா. குமரேசன் அங்க எல்லாம் வாங்கி வச்சிருப்பான்"னா. தோள்ல ஒரு கைப்பை, அம்புட்டுத்தான். அதோட உள்ள போயிட்டா.

நான் கண்ணாடி வழியாப் பாத்துட்டே நின்னேன். சுகந்தி எந்தப் பக்கம் இருந்து வாரா, இல்ல வேற எவ வாரான்னு. உள்ள ஒரு பொம்பள இவ பக்கத்துல வந்து நின்னா, ஆ இவதான்னு நினைச்சேன். அவ வேற எங்கயோ போயிட்டா. வடிவு ஒவ்வொரு போர்டா நிமிந்து நிமிந்து பாக்கா. யார்ட்டயோ போய்க் கேக்கா. அந்தாளு கையைக் காட்டுதான், இவ எதிர்ப்பக்கம் நடக்கா, மறுபடி திரும்பி வாரா. வழி தெரியாம நிக்கா. நான் கண்ணாடியைத் தட்டுனேன், இடது பக்கம்ட்டீ, இடது பக்கம்னு. கேக்கல. அப்புறம் அவளே கண்டுபிடிச்சிட்டா.

இதான் கதை. பரஸ்தானம் வச்ச பெட்டி இங்கன இருக்கு, ஆளு மட்டும் போறா. இந்தப் பெட்டி இப்போ வீட்டுக்கும் போகக் கூடாது. நானும் போகக் கூடாது. மகட்ட கேட்டேன், வரட்டான்னு. வீட்டுல பெயின்ட்டு அடிக்காங்களாம். கன்னியாகுமரியில ஏதாவது ஒரு மடத்துல இடம் கேக்கணும். கடக்கரையில இந்தக் கம்பளியை வச்சிட்டு என்ன செய்ய?

நான் எதுக்கு ஒளிஞ்சு திரியணும்? நீ நியாயத்தைச் சொல்லு. தப்பு செஞ்சவ அங்க நிம்மதியா உக்காந்திருக்கா, நான் திருடி மாதிரி ஊரு ஊராப் போகணுமா? அண்ணாச்சி நல்ல மனுசன். அவுகளை ஏமாத்துறதுக்கு நானும் உடந்தையா? மாட்டேன். போடப் போறேன். மார்த்தாண்டம் பாலம் ஏறிருச்சு, போதும், இப்பவே போடுதேன். அண்ணாச்சி, உங்க வீட்டுக்காரி உங்களையும் ஏமாத்திட்டா, என்னையும் ஏமாத்திட்டான்னு... எப்பிடி ஆரம்பிக்கட்டும்? நலமான்னு கேட்டு ஆரம்பிக்கவா, நேராவே சொல்லிரவா?

இந்தா, அவுகளே கூப்பிடுதாவ. பாத்தியா! பேரு வருது பாரு. நல்லதாப் போச்சு. நீ சாட்சி, கேட்டுக்கோ.

அலோ. அண்ணாச்சி... ஆமா, ஆவுடைதான். கேக்கு, கேக்கு, சொல்லுங்க... ம்... ஆமா. சாப்பிட்டீங்களா? மோர்க்குழம்பை ஃப்ரிட்ஜுல வச்சிருக்காளா, சரி... அண்ணாச்சி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு... என்னது? அவ போனு அமத்தியிருக்கா? ஆமா, அமத்தச் சொல்லிட்டான் இங்க... ஏறிட்டோம் அண்ணாச்சி. ஏறி உக்காந்துட்டோம்... சத்தமா? அது அப்பிடித்தான், எஞ்சின் சத்தம்... யாரு? மார்த்தாண்டம்னு கத்துதானா? இங்க எல்லா ஊருக்காரனும் இருக்கான் அண்ணாச்சி... வடிவா? வடிவு இங்கதான்... இங்கதான் என் பக்கத்துல இருக்கா. தூங்குதா. எழுப்பட்டுமா?... சரி, எழுப்பல. அழாதீங்க. எதுக்கு அழுதீங்க? நான்தான் இருக்கேன்ல. வச்சிருதேன்.

கட்டாயிருச்சா பாரு தாயி இது. எனக்கு இந்த போனு பிடிபடாது. ஆயிருச்சா?

என்னை அப்பிடிப் பாக்காத. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன், நீதான் பாத்தியே. சுகந்தியோ எவளோ ஒருத்தி அவகூட ஏறியிருந்தான்னா சொல்லியிருப்பேன். நறுக்குனு சொல்லியிருப்பேன். யாருமே இல்லையே. என்கூடப் போறதைவிட, யாருமே இல்லாமப் போறது மேலுன்னு போயிட்டா தாயி.